மிதியாத மலை

எங்கும் நிறைந்த பொருள் என்று ஒன்றை நிலைநாட்டிவிட்டு, அதே பொருளை ஓரிடத்தில் இருத்தி, அதனைச் சுற்றி வந்தால் புண்ணியம் என்று விதிப்பதில் உள்ள முரண்பாட்டைச் சுட்டி நகைப்பவர்கள், தாங்கள் ஏதோ புதிய உண்மையைக் கண்டுவிட்டதாக எண்ணுகிறார்கள். பகுத்தறிவு இயக்கங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஆட்சேபத்தை எழுப்பியவர்கள் நம்முடைய வேதாந்திகளே ஆவர். எல்லை இல்லாததற்கு வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது? சுற்றுகிறவன் காலூன்ற அதற்கு வெளியே ஓர் இடம் வேண்டுமே, அந்த இடம் எங்கே இருக்கிறது? இவ்வாறு கேட்ட அதே மரபினர் கோயிலுக்குப் போனால் மறவாமல் பிரகாரம் சுற்றினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கேள்வி பொய்யாகவில்லை, வழக்கமும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே உள்ளத்தில் எப்படி இடங்கொண்டன என்பதே விசாரத்துக்கு உரியது.

புதுச்சேரியில் வாழ்கிறவனுக்கு இந்த விசாரம் ஏட்டோடு நிற்பதில்லை. பௌர்ணமி வந்துவிட்டால் பிற்பகலிலேயே நம் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டிகள் நிற்கும் பக்கம் நெரிசல் தொடங்கிவிடுகிறது. கையில் ஒரு துணிப்பையும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்து ஏறுகிறவர்கள், திண்டிவனம், செஞ்சி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம் பயணம் செய்து, 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து, எந்த இடத்தில் கற்பூரம் ஏற்றிப் புறப்பட்டார்களோ அந்த இடத்துக்கே வந்து சேர்ந்து, விடியற்காலை வண்டியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கியபடி ஊர் திரும்புகிறார்கள். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டால் ‘கிரிவலம்’ என்பார்களே தவிர, ஒரு மலைக்குப் போய் வந்ததாகச் சொல்லமாட்டார்கள். உண்மையிலும் அவர்களில் பெரும்பாலோர் மலைமீது ஓர் அடிகூட வைப்பதில்லை.

சுற்றி நடப்பவர்கள் இந்த ஊரிலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற பழைய நகரம் முட்டை வடிவினது. அண்ணா சாலை, சுப்பையா சாலை, சர்தார் படேல் சாலை என்று இன்று பெயர் மாறி நிற்கும் புல்வார்கள் கடற்கரைச் சாலையோடு சேர்ந்து அதனை வளைத்துக் கிடக்கின்றன. சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லக் கேட்டு அதில் நடக்கும் பெரியவரும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார். அவர் தம்மையே மையமாகக் கொண்டு நடக்கிறார், கிரிவலம் செல்பவருக்கோ மையம் வெளியே இருக்கிறது என்று உடனே ஒரு வேறுபாடு சொல்லிவிடலாம். அந்த விடை அழகாக இருக்கிறதே அன்றி முழு உண்மை அன்று. மலையைச் சுற்றுகிறவர்களிலும் பலர் மகளின் கலியாணத்தையும் மகனின் உத்தியோகத்தையும் அடகில் இருக்கும் நகையையும் சுற்றித்தான் நடக்கிறார்கள். அதனை இழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறுபாடு நோக்கத்தில் இல்லை என்றால், நடக்கும் முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அண்ணாமலையின் மூலக் கதையை எல்லோரும் அறிவார்கள். அறிந்த காரணத்தாலேயே அதனைக் கூர்ந்து கேட்பதில்லை. பிரமனுக்கும் திருமாலுக்கும் தம்முள் பெரியவர் யார் என்ற வழக்கு எழுந்தபோது நடுவே ஓர் அழற்பிழம்பு தோன்றி நிற்க, முடியைக் காண அன்னமாகி ஒருவர் மேலே பறக்க, அடியைக் காண ஏனமாகி மற்றவர் மண்ணை அகழ்ந்து கீழே செல்ல, இருவரும் காணாது மீண்டனர். திருமால் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார், பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கிக் கண்டதாகக் கூறினார். சமயப் பூசல் மிகுந்த காலங்களில் ஒரு தெய்வத்தை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்த இக்கதை பயன்பட்டது என்பது மெய்யே. அந்தப் பூசலை விலக்கிவிட்டுப் பார்த்தால், அறிவு எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லும் கதையாக இது தெரிகிறது. மேலே சென்றவரும் கீழே சென்றவரும் செய்த பிழை ஒன்றே; அப்பொருளுக்கு ஒரு முடிவு உண்டு, அங்கே போய்ச் சேரலாம், சேர்ந்துவிட்டால் அது தம் வசமாகிவிடும் என்று எண்ணினார்கள். யுகக்கணக்கில் பறக்கவும் அகழவும் துணிந்த அவ்விருவருக்கும், எதிரே நிற்பதை ஒருமுறை சுற்றி வந்து பார்க்கலாமே என்ற யோசனை மட்டும் தோன்றவில்லை! அழல் பின்னர் மலையாகக் குளிர்ந்தது. தேவர்களுக்குத் தோன்றாத வழி மனிதருக்கு விடப்பட்டது.

இத்தனைக்கும் அண்ணாமலை ஏற முடியாத மலை அன்று. அதன் உயரம் ஏறத்தாழ 814 மீட்டர். உடல்நலம் உள்ள இளைஞன் ஒருவன் விடியலில் புறப்பட்டால் உச்சியைத் தொட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த ரமணர், விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாகப் பல்லாண்டுகள் மலைமேலேயே வாழ்ந்து 1922இல்தான் அடிவாரத்துக்கு இறங்கினார். ஆகவே கால் வைக்கலாகாது என்பது கட்டளை அன்று. கட்டளையினும் நுட்பமான ஒன்று இங்கே செயற்படுகிறது. கார்த்திகைத் தீபத்தன்று பருவதராஜ குலத்தார் கொப்பரையையும் திரியையும் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யையும் உச்சிக்குக் கொண்டுசேர்க்க, மாலை ஆறு மணிக்குச் சோதி ஏற்றப்படுகிறது. அதனை நாடெங்கும் தொலைக்காட்சியில் காண்கிறோம். தீபம் எரியும் நாட்கள் முடிந்தபின் அதே உச்சியில் நடக்கும் மற்றொரு சடங்கைப் பார்ப்பவர் மிகச் சிலர். பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரிச் செய்தியாக அது வந்து போகும். அதற்குப் பிராயச்சித்த பூசை என்று பெயர். தீபம் ஏற்றவும் காணவும் ஏறியவர்களின் பாதம் பட்டதற்காக மலையினிடம் பொறுத்தருளும்படி வேண்டிக்கொள்வதே அதன் கருத்து. ஏறுவதைத் தடுத்துவிடவும் இல்லை, ஏறியதை உரிமையாக்கிக் கொள்ளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மன்னிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. நம் சமயச் சடங்குகளில் எனக்குப் பொருள் விளங்காதவை பல. இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பாதத்தைப் பற்றிய இந்தக் கூச்சம் நம் நாட்டில் நெடுங்காலத்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் அடங்கிய காரைக்காலில் வணிகர் குடியில் பிறந்த புனிதவதியார், கணவன் அஞ்சி விலகியபின் பேயுருவம் வேண்டிப் பெற்றுக் கயிலைக்குச் சென்றபோது, இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க ஒருப்படாது தலையால் நடந்து ஏறினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இதனை நடந்த செய்தியாகக் கொள்வதா, அடியவர் உள்ளத்தின் வடிவமாகக் கொள்வதா என்பது அவரவர் விருப்பம். அதே நூலில் அப்பர் பெருமானின் கயிலைப் பயணமும் இருக்கிறது. முதுமையில் வடதிசை நோக்கிப் புறப்பட்டவர், நடக்க இயலாமல் தவழ்ந்தும் மார்பால் உந்தியும் புரண்டும் உடல் தேயச் சென்று, இனி ஓர் அடியும் பெயர முடியாத நிலையில், அங்கிருந்த ஒரு பொய்கையில் மூழ்கும்படி பணிக்கப்படுகிறார். மூழ்கி எழுந்த இடமோ திருவையாற்றுக் குளம். கயிலையை அவர் கண்டது காவிரிக் கரையில். அம்மையாரும் அப்பரும் எதிரெதிரான முடிவை அடைந்தவர்கள். ஒருவர் ஏறினார், ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். எனினும் மலை என்பது காலின் பலத்தால் வெல்லப்படும் பொருள் அன்று என்பதில் இருவர் கதைகளும் உடன்படுகின்றன.

தலையால் நடக்கவும் மார்பால் உந்தவும் இயலாத நம்போன்றவருக்கு வகுத்ததுதான் பிரதட்சிணம். எவ்வளவு நடந்தாலும் மையத்துக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் குறைவதில்லை என்பது இந்த நடையின் விசேஷம். மற்ற யாத்திரைகளில் ஒவ்வோர் அடியும் லட்சியத்தை நெருங்கச் செய்கிறது, அதனால் ஒவ்வோர் அடியும் வழியிலேயே செலவாகிவிடுகிறது. இங்கே நெருங்குதல் என்பதே இல்லை, ஆகவே விரைவதற்கும் காரணம் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்று ரமணர் சொல்வது வழக்கம். பௌர்ணமி இரவில் முன்னால் செல்பவரின் குதிகாலை மிதித்துக்கொண்டு, இத்தனை மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்று கைக்கடிகாரத்தைக் காட்டுகிற இளைஞர்களைக் காணும்போது, அந்த அரசியை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்று தோன்றும்.

மெல்ல நடந்தால் மலை தன் கல்வியைத் தொடங்குகிறது. கிழக்கே, கோயிலின் 217 அடி இராசகோபுரத்துக்குப் பின்னால் நிற்கையில் அது ஒற்றைச் சிகரம்; ஐயத்துக்கு இடமில்லாமல் ஒன்றே. அக்கினி லிங்கத்தையும் ரமணாசிரமத்தையும் எமலிங்கத்தையும் கடந்து, செங்கம் சாலையின் பேருந்து இரைச்சலை விட்டுப் பாதை வலப்பக்கம் திரும்பியதும், புளியும் புங்கும் வேம்பும் இருபுறமும் நிழல் கவிக்க, தார் வெப்பத்தில் பழுத்த உள்ளங்கால் முதன்முதலாகச் சற்றுக் குளிர்ந்த மண்ணைத் தொடும். அங்கிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரம் இரண்டாகப் பிளந்து தெரியத் தொடங்கும். நிருதி லிங்கத்தைத் தாண்டி, மேற்கே அடி அண்ணாமலையை அடையும்போது மலை அகன்று பருத்து முற்றிலும் வேறொன்றாகிவிடுகிறது. வழிநெடுகக் கல்லால் படிகட்டிய தீர்த்தக் குளங்கள். சிலவற்றில் தண்ணீர் இருக்கும், சிலவற்றில் இராது. இருப்பவற்றில் மலையின் தலைகீழ் வடிவம் ஒன்று கிடக்கும், குரங்கு ஒன்று குடிக்க இறங்கினால் அது கலைந்து மீண்டும் கூடும். வருணனையும் வாயுவையும் கடந்து குபேர லிங்கத்தை நெருங்குகையில் ஐந்து முகடுகள் தோன்றுகின்றன. பஞ்சமுக தரிசனம் என்று அதனை நின்று வணங்குவார்கள். ஒன்று ஏகன், இரண்டு அம்மையப்பன், மூன்று மும்மூர்த்தி, ஐந்து சதாசிவனின் முகங்கள் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வதும் உண்டு.

அந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. பிரத்தியட்சமாக நடப்பதைப் பாருங்கள்: கிழக்கே நிற்பவன் மலை ஒன்று என்கிறான், வடமேற்கே நிற்பவன் ஐந்து என்கிறான், இருவரும் பொய் சொல்லவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு வாதிடுகிற வரையில் இந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடையாது; நடந்தவனுக்கு வழக்கே இல்லை. ஆனால் நடந்தவனும் எல்லா முகங்களையும் ஒருசேரக் கண்டான் அல்லன், ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைக் கண்டான். எங்கும் நிறைந்த பொருளைச் சுற்ற முடியாது என்ற வேதாந்தியின் ஆட்சேபத்துக்கு எனக்குத் தோன்றும் சமாதானம் இதுவே. சுற்றுவது அந்தப் பொருளுக்காக அன்று. அதற்கு நம் நடையால் கூடுவதோ குறைவதோ ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் நின்று கண்டதையே முழுமை என்று சாதிக்கிற நம்முடைய பிடிவாதம் காலின் வழியாகத் தளர வேண்டும் என்பதற்காகவே சுற்றுகிறோம். புத்தியால் இதனை ஒரு கணத்தில் ஒப்புக்கொண்டுவிடலாம். அவ்வாறு ஒப்புக்கொண்டதை மறுகணமே மறந்துவிடுவது புத்தியின் சுபாவம் ஆகையால்தான், சைவ சித்தாந்திகள் சரியை என்ற உடலால் செய்யும் தொண்டையும் ஒரு நெறியாக வைத்து, ஞானத்தில் முடியும் படிவரிசையில் அதற்கு முதலிடம் தந்தார்கள்.

பாதையில் மற்றும் ஒரு மரபு இருக்கிறது. அடியார்கள் சாலையின் இடப்புறமாகவே நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்புறம் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குப் புலப்படாமல் வலம் வருவதற்கு உரியது. சித்தர்கள் வருகிறார்களா என்பதை நான் அறியேன். ஆனால் நமக்கும் நாம் வணங்கும் பொருளுக்கும் நடுவே, நம்மிலும் தகுதி உடையவர்களுக்கென்று ஓர் ஓரத்தை ஒழித்து வைப்பது நல்ல பழக்கம். இதற்கு நேர்மாறான அனுபவம் இடுக்குப் பிள்ளையார் கோயிலில் கிடைக்கிறது. சிறிய கல்மண்டபம், ஒன்றுக்கொன்று நேராக இல்லாத மூன்று குறுகிய வாயில்கள், பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, தோளை ஒருபுறமும் இடுப்பை மறுபுறமும் திருப்பி முன்பக்கம் வெளிவர வேண்டும். பருத்த உடம்பினர் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கையில், வெளியே இருப்பவர்கள் ‘மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க’ என்று கூவுவார்கள். அந்த யோசனை சரியானதே. மூச்சை அடக்கி உடம்பை முறுக்குகிறவரை கல் விடுவதில்லை, தளர்த்தியவரை விட்டுவிடுகிறது.

இனி, எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிக்கும் செய்திக்கு வருகிறேன். அண்ணாமலையார் தாமே ஆண்டுக்கு இருமுறை கிரிவலம் வருகிறார். தீபத் திருவிழாவை ஒட்டி ஒருமுறை, தை மாதத் திருவூடலின்போது ஒருமுறை. மலையே சிவம் என்றால், சிவம் சிவத்தைச் சுற்றுகிறது என்று ஆகிறது. வேதாந்தியின் ஆட்சேபம் இங்கே உச்சநிலை அடைகிறது. காரணமாகச் சொல்லப்படும் கதையோ சர்வ சாதாரணமான குடும்பக் கதை. பிருங்கி முனிவர் என்று ஒருவர் சிவனை மட்டுமே வலம் வருவேன், அம்மையைச் சுற்றேன் என்று விரதம் பூண்டவர். இருவரும் ஓருடலாக நின்றபோதும் வண்டாகி நடுவே துளைத்துக்கொண்டு பாதியை மட்டும் சுற்றியவர். அத்தகையவருக்குக் காட்சி கொடுக்க இறைவன் புறப்பட்டதில் அம்மைக்குக் கோபம். மாட்டுப் பொங்கலன்று மாலை, அதற்கென்றே பெயர் பெற்ற திருவூடல் தெருவில் ஊடல் நடந்து, அம்மை கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்ள, அண்ணாமலையார் அன்றிரவைக் குமரக் கோயிலில் கழித்து, மறுநாள் தனியாக மலையை வலம் வந்து, முனிவருக்கு அருள்செய்துவிட்டு, சமாதானம் பேச வீடு திரும்புகிறார். அவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நடந்தார்? போய்ச் சேர அவருக்கு இடமே கிடையாது. புராணப்படி இம்மலையை முன்னர் வலம் வந்து தவம் செய்து இடப்பாகம் பெற்றவளும் அந்த அம்மையே. பாதியை மட்டும் சுற்றுவேன் என்ற முனிவரின் வட்டம் குறைவட்டமாக இருந்ததால், இறைவனே நடந்து அதனை முழுமை செய்தார் என்று நான் கொள்கிறேன். வேறு விளக்கம் உடையவர்கள் சொல்லலாம்.

வலம் வருதல் நமக்கே உரிய வழக்கம் என்று பெருமை பேசுவோரும் உண்டு. மக்காவில் கஅபாவை இடப்புறம் வைத்து ஏழு முறை சுற்றுகிறார்கள். நாம் தெய்வத்தை வலப்புறம் வைக்கிறோம். கயிலையை 52 கிலோமீட்டர் சுற்றும் பௌத்தரும் இந்துக்களும் ஒரு திசையில் செல்ல, திபெத்தின் பழைய போன் சமயத்தார் எதிர்த்திசையில் வருகிறார்கள். ஒரே மலை இரு சாராரையும் தாங்குகிறது. திசை அடியவனுடையது, மலையினுடையது அன்று.

நம்பிக்கை இல்லாமல் சுற்றினால் பலன் உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு என்பதே ரமணர் தந்த விடையாக அவருடைய அடியார்கள் குறித்திருக்கிறார்கள். தொட்டவன் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நெருப்புச் சுடுமே என்பது அதன் கருத்து. நான் யார் என்ற ஒரே கேள்வியைத் தவிர வேறு சாதனத்தை வற்புறுத்தாத ஞானி, பாமரரோடு பண்டிதரையும் போய் மலையைச் சுற்றி வாருங்கள் என்று அனுப்பியது பலருக்குப் புதிராக இருக்கிறது. நம்பிக்கை இல்லாமல் சுற்றுவதற்குப் புதுச்சேரியில் ஒரு விந்தையான உதாரணம் உண்டு. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்து இழுத்துத் தொடங்கி வைத்தார்கள். ஆட்சி மாறியபின் துணைநிலை ஆளுநர்கள் அவ்வழக்கத்தைத் தொடர்கிறார்கள். தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதும் ஒரு பிரதட்சிணமே. கோட்டும் தொப்பியுமாக வந்து வடத்தைத் தொட்ட அந்தத் துரைமார்களை நெருப்புச் சுட்டதா என்பது அவர்களுக்கே வெளிச்சம். தேர் நகர்ந்தது, அவ்வளவு நமக்குத் தெரியும்.

ஆயினும் இந்நகரின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு காலத்தில், 1748 செப்டம்பரில், இங்கிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. அந்நாளைய துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை அத்துயரத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பின்னர் வேறிடத்தில் கோயில் எழுந்து, சுவாமியும் வீதி மாறிப் புறப்படலானார். மனிதன் கட்டிய மையத்தை மனிதன் இடித்துவிடலாம். இயற்கையாக நிற்கும் மலையைத் தெய்வமாகக் கொண்டவர்கள் அந்த அச்சம் அற்றவர்கள் என்று நினைத்து ஆறுதல் கொள்ளத் தோன்றும். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் நம் கரையில் ஏறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி இந்நகரை மூழ்கடித்துவிட்டு மேற்கே சென்றது. மறுநாள் மாலை அதே மழையில் அண்ணாமலையின் சரிவு நெகிழ்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் மண்ணும் பாறையுமாக இறங்கியது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

இதனைத் தெய்வத்தின் கோபம் என்றவர்களும் இருந்தார்கள், தெய்வம் இல்லை என்பதற்கு அத்தாட்சி என்றவர்களும் இருந்தார்கள். குழந்தைகளின் சாவை எந்தக் கட்சியின் வாதத்துக்கும் சான்றாக எடுத்துக்கொள்வது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அடிவாரத்தில் சமநிலம் விலையேறி விடுதிகளுக்கும் ஆசிரமங்களுக்கும் மனைத்தரகர்களுக்கும் போய்விட, இருக்க இடம் இல்லாத எளியவர்கள் சரிவில் ஏறி வீடு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. மலைக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு தூரம் வேண்டும் என்று தன் நடையாலேயே காட்டுகிற கிரிவலம், அந்த நடையின் பேரால் பெருகிய வியாபாரத்தினாலேயே அத்தூரத்தை இழந்தது என்பதுதான் நாம் நாணவேண்டிய விஷயம். அவ்வாண்டுத் தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேறுவதை அரசு தடுத்தது. தடுக்க ஓர் ஆணை தேவைப்பட்டது.

நூல்கடைகளில் கிடைக்கும் கிரிவலக் கையேடுகளைப் புரட்டினால், இன்ன கிழமையில் சுற்றினால் இன்ன பலன், இன்ன இராசிக்கு இன்ன லிங்கம், குபேர லிங்கத்தில் பணம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். குறைகளைச் சுமந்துகொண்டு நடப்பவனை நான் பழிக்கவில்லை என்று முன்பே சொன்னேன். அவனுடைய குறையை அட்டவணையாக்கி விற்பவனைப் பழிக்கிறேன். முடியைக் கண்டதாகச் சொல்லத் தாழம்பூவைத் தேடிய பிரமனின் வேலையை அவன் செய்கிறான்.

திருவண்ணாமலைக்குச் செல்லும் புதுச்சேரி அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறையாவது பௌர்ணமி அல்லாத ஒரு நாளில் செல்லுங்கள், முதல்நாள் இரவே போய்த் தங்கி, வெயில் ஏறித் தார் சுடுவதற்கு முன் சுற்றி முடிக்கும்படி நாலு மணிக்கெல்லாம் புறப்படுங்கள், இடப்புறமாக நடங்கள், பிளாஸ்டிக் புட்டியைத் தீர்த்தத்தில் எறியாதீர்கள். சாலையை அகலமாக்க 2015இல் மரங்களை வெட்டத் தொடங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட வேண்டியிருந்தது. அன்று தப்பிய நிழலில்தான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள். மொட்டையாகக் கிடந்த மலையில் தொண்டர் பலர் ஆண்டுக்கணக்காகக் கன்று நட்டுத் தண்ணீர் சுமந்து, கோடையில் தீ பரவாமல் காத்து, காட்டை மீட்டு வருகிறார்கள். முற்காலத்தில் அடியார்கள் மலையை ஒட்டி நடந்த உள்வழி அந்தக் காட்டுக்குள்தான் செல்கிறது. அதனை இப்போது வனத்துறை அடைத்து வைத்திருக்கிறது. அதைத் திறந்துவிடச் சொல்லி யாரும் மனுக் கொடுக்க வேண்டாம்.